பேர் வாங்கியது கேரட்

மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு வந்து சேரும் அறிவுரைகளில் கேரட்டுக்குத்தான் முதலிடம். "கேரட்டைத் துருவிப் போடுங்க, ஒரே மாசத்துல மீன் செக்கச் செவேல்னு ஆயிடும்" என்பார் கடைக்காரர். யூடியூபில் ஒருவர் கேரட்டை வட்டமாக நறுக்கி, ஃபோர்க்கில் குத்தித் தொட்டிக்குள் இறக்கிக் காட்டுவார். கொலு பார்க்க வந்த சித்தி சுண்டல் கிண்ணத்தோடு தொட்டி முன்னால் நின்று அதையே திருப்பிச் சொல்வார். கர்ப்பிணிக்குக் குங்குமப்பூ போட்ட பால் கொடுத்தால் குழந்தை சிவப்பாகப் பிறக்கும் என்பார்களே, அதே கணக்குதான் இதுவும். வாய்க்குள் போகும் பொருளின் நிறம் நேராகத் தோலுக்கு வந்துவிட வேண்டும். குங்குமப்பூவை நம்பாத நான் கேரட்டையும் நம்பவில்லை. விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். முடியவிடாமல் செய்தது எங்கள் மேல்வீட்டு அக்காவின் தொட்டி.

அக்காவும் நானும் ஒரே கடையில், ஒரே தொட்டியிலிருந்து ஆளுக்கு ஒரு ஜோடி சிவப்பு ஒராண்டா வாங்கி வந்தோம். தலையில் முண்டு முண்டாகச் சதை வளர்ந்திருக்குமே, அந்த வகைக் கோல்ட்ஃபிஷ். தீவனம்கூட ஒரே பாக்கெட் பெல்லட்தான், பாதிக்குப் பாதி பங்கிட்டுக்கொண்டோம். என் தொட்டி ஹாலில், டிவிக்குப் பக்கத்தில். வெள்ளைக் கூழாங்கல், பின்னால் நீலக்கடல் ஸ்டிக்கர், மேலே எல்இடி விளக்கு. கண்ணாடியில் ஒரு பொட்டுப் பாசி இருக்காது. அக்காவின் தொட்டி பால்கனியில், துணி காயப்போடும் கொடிக்குக் கீழே. அவர் தினமும் சாம்பாருக்கு நறுக்கும்போது ஒரு துண்டு கேரட்டைத் துருவி எடுத்துப்போய்ப் போடுவார். சில மாதங்களில் என் ஒராண்டாக்கள் வெளுத்து, வயிற்றுப் பக்கம் பழைய மஞ்சளாக ஆகிவிட்டன. அவருடையவை குங்குமச் சிமிழைத் திறந்தாற்போல் இருந்தன. "இப்பவாவது ஒத்துக்கிறியா?" என்று கேட்டார். ஒத்துக்கொள்ளவும் மனம் வரவில்லை, மறுக்கவும் வாய் வரவில்லை. கேரட் கதையில் ஓட்டை இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் சிவந்த மீன் கண் முன்னால் நீந்துகிறதே.

எந்த ஆரஞ்சு?

கோல்ட்ஃபிஷ்ஷின் சிவப்பும் ஆரஞ்சும் கரோட்டினாய்டு என்ற நிறமிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இந்த நிறமிகளை ஒன்றுமில்லாததிலிருந்து தயாரிக்கும் வித்தை மீனுக்குத் தெரியாது. செடி, பாசி, சில நுண்ணுயிர்கள் இவற்றுக்குத்தான் தெரியும். மீன் அவற்றைத் தின்றோ, அவற்றைத் தின்ற பூச்சியைத் தின்றோதான் நிறத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆக, நிறம் சாப்பாட்டில் இருந்து வருகிறது என்பது வரைக்கும் கேரட் கட்சிக்காரர்கள் சொல்வது சரி. சிக்கல் அதற்கு அடுத்த படியில்தான் இருக்கிறது. கரோட்டினாய்டுகளில் பல நூறு வகைகள் உண்டு. கோல்ட்ஃபிஷ் தோலில் சிவப்பாகத் தெரிவதில் முக்கியமானது அஸ்டாசாந்தின். உணவில் ஸியாசாந்தின் என்ற மஞ்சள் நிறமி கிடைத்தால் கோல்ட்ஃபிஷ்ஷின் உடல் அதை அஸ்டாசாந்தினாக மாற்றிக்கொள்ளும். கெண்டைக் குடும்பத்து அலங்கார மீன்கள் லூட்டின் என்ற நிறமியையும் ஓரளவு அப்படி மாற்றும். கேரட்டில் நிறைந்திருப்பதோ பீட்டா கரோட்டின். அதை இந்த வழியில் திருப்பிவிடக் கோல்ட்ஃபிஷ்ஷுக்குச் சரியாக வராது. 1970களிலேயே ஜப்பானிய ஆய்வாளர்கள் இதை ஆராய்ந்து எழுதிவிட்டார்கள். பீட்டா கரோட்டின் வீணாகப் போவதில்லை, வைட்டமின் ஏ ஆக மாறும். அது உடம்புக்கு நல்லதுதான், தோலுக்குச் சாயம் ஏற்றுவது அதன் வேலை இல்லை.

அப்படியானால் ஸியாசாந்தினும் லூட்டினும் எங்கே கிடைக்கும்? மஞ்சள் மக்காச்சோளத்தில் இரண்டுமே உண்டு. லூட்டின் தாராளமாக இருப்பது கீரையில். எனக்கு இதில் பிடித்த விஷயமே இதுதான். மீனைச் சிவப்பாக்க உதவும் பொருள் பச்சையத்துக்குப் பின்னால் மறைந்து, பச்சையாகவே நம் கண்ணை ஏமாற்றிக்கொண்டு கூடையில் கிடக்கிறது. சிவப்பு சிவப்பாக இருக்கிறதே என்று சிலர் பீட்ரூட்டைப் போடுவார்கள். பீட்ரூட்டின் சிவப்பு கரோட்டினாய்டே கிடையாது, முற்றிலும் வேறு நிறமி. அது தண்ணீரைத்தான் சிவப்பாக்கும்.

கோழிப்பண்ணைக்காரர்களுக்கு இதெல்லாம் பழைய செய்தி. வீதியில் மேய்ந்து கீரையும் புல்லும் கொத்தும் கோழியின் முட்டையில் மஞ்சள் கரு அழுத்தமாக இருக்கும். அடைத்து வளர்க்கும் கோழிக்கு அந்த வாய்ப்பு இல்லாததால் தீவனத்தில் செண்டுமல்லிச் சாறு கலக்கிறார்கள். ஊட்டியிலிருந்து மைசூர் போகும் வழியில் குண்டல்பேட்டைப் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் செண்டுமல்லி பூத்திருக்கும், எல்லோரும் வண்டியை நிறுத்திப் படம் எடுப்பார்கள். சாமிக்கு மாலை கட்ட அவ்வளவு பூ எதற்கு என்று நானும் யோசித்ததுண்டு. அதில் பெரும்பகுதி நிறமி எடுக்கும் ஆலைகளுக்குப் போகிறது. செம்பருத்தி இதழைத் தீவனத்தில் கலந்து கோல்ட்ஃபிஷ்ஷுக்குக் கொடுத்து நிறம் கூடியதைக் காட்டிய ஆய்வு 2007இலும், சிவப்பு ஸ்வார்டு டெயில் மீனுக்குச் செண்டுமல்லி கொடுத்துப் பார்த்த ஆய்வு 2008இலும் வந்தன. பூஜை முடிந்த பூவைப் பொடித்துப் போடலாமா என்று யாரும் கேட்க வேண்டாம். கடைப் பூவில் என்னென்ன மருந்து அடித்திருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்?

இவ்வளவு படித்த பிறகு என் குழப்பம் கூடத்தான் செய்தது. புத்தகப்படி பார்த்தால் அக்காவின் மீன் கேரட்டால் சிவந்திருக்க வழியில்லை. பிறவியிலேயே அழுத்தமான நிறம் வாய்த்த ஜோடி அவர் பைக்குள் போயிருக்கலாம் என்றுகூட ஒரு சமாதானம் தேடினேன். கோல்ட்ஃபிஷ்ஷில் அதுவும் நடக்கும். ஆரஞ்சாக இருந்த மீன் எந்தக் காரணமும் இல்லாமல் வளர வளர வெள்ளையாக மாறுவது சகஜம், மரபிலேயே எழுதியிருக்கும். ஆனாலும் அவருடைய இரண்டு மீனும் சிவந்து, என்னுடைய இரண்டும் வெளுத்திருப்பதை அதிர்ஷ்டக் கணக்கில் எழுத மனசு ஒப்பவில்லை.

பச்சைத் தண்ணீர்

சென்னையின் அலங்கார மீன் சந்தையான கொளத்தூரைப் பற்றி மீன் வளர்ப்பவர்களுக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. கடைகள் அங்கே இருந்தாலும், மீன் பொரிக்கவைத்து வளர்ப்பவர்கள் பலர் இப்போது திருவள்ளூர் மாவட்டத்து ஊர்களுக்குத் தள்ளிப் போய்விட்டார்கள். இடம் அங்கேதானே கிடைக்கிறது. அப்படி ஒருவரிடம் ஸ்பாஞ்ச் பில்டர் வாங்கும்போது பேச்சுக் கொடுத்தேன். "ஞாயித்துக்கிழமை வாங்கம்மா, தொட்டியெல்லாம் பாக்கலாம்" என்றார். போனேன்.

வரிசையாகச் சிமென்ட் தொட்டிகள், இடுப்பு உயரம். சிலவற்றின் மேல் பச்சை வலை கட்டியிருந்தது, சில திறந்த வெயிலில் கிடந்தன. தண்ணீர் கீரைக் கடைசல் நிறத்தில் இருந்தது. முதலில் மீனே தெரியவில்லை. அவர் தொட்டிச் சுவரை விரலால் தட்டியதும் அடியிலிருந்து சிவப்புச் சிவப்பாக மேலே வந்தன. என் வாழ்நாளில் அந்தச் சிவப்பைக் கண்ணாடித் தொட்டியில் பார்த்ததில்லை.

"என்ன தீனி போடறீங்கண்ணா? கேரட்டா?"

சிரித்துவிட்டார். "இத்தனை தொட்டிக்கும் கேரட் போட்டா கட்டுமாம்மா? மீன் வித்த காசு மார்க்கெட்டுக்கே போயிடும். பெல்லட்டு, புழு, அவ்ளோதான். மிச்சத்தை அதுவே பாத்துக்கும்." சொல்லிக்கொண்டே சுவரில் படிந்திருந்த பாசியைக் காட்டினார்.

குனிந்து பார்த்தேன். சுவர் முழுக்க வழவழவென்று பச்சைப் பாசி. அதில் நகக்கண் அகலத்துக்குப் பிறைப் பிறையாக வெளிறிய தடங்கள், நூற்றுக்கணக்கில், ஒன்றன் மேல் ஒன்றாக. ஒரு ஒராண்டா வந்து உதட்டைச் சுவரில் ஒட்டவைத்துத் தலையை ஒரு வெட்டு வெட்டியது. புதிதாக இன்னொரு பிறை. இரண்டடி தள்ளி வாயிலிருந்து மண்ணை மட்டும் துப்பிவிட்டு, தொண்டைப் பக்கம் அசைய அசைய மென்றது. கோல்ட்ஃபிஷ்ஷுக்குத் தாடையில் பல் கிடையாது, பல்லெல்லாம் தொண்டைக்குள்ளே. அரைத்து முடித்ததும் மறுபடி சுவருக்கு வந்தது. நான் நின்றிருந்த நேரம் முழுக்க அந்தத் தொட்டியில் ஏதாவது ஒரு மீன் சுவரைக் கொறித்துக்கொண்டே இருந்தது.

அப்புறம் அவர் பக்கத்துத் தொட்டிக்குக் கூட்டிப்போனார். அங்கேதான் எனக்கு விஷயம் திறந்தது. அதே தாய் மீனின் குஞ்சுகள், அதே வயது, அதே தீவனம். இந்தத் தொட்டி மட்டும் கொட்டகைக்கு அடியில், நிழலில். தண்ணீர் தெளிவாக இருந்தது, சுவரில் பாசி லேசாகத்தான் இருந்தது. மீன்கள் ஆரஞ்சாக இருந்தன, சுமாரான ஆரஞ்சு. "இதையே வெயில் தொட்டியில மாத்தி விட்டா ஏறிடும்மா. அங்கே இருக்கறதை எடுத்துட்டுப் போய்க் கண்ணாடியில விட்டா இறங்கிடும். கஸ்டமர் வந்து சண்டை போடுவாங்க, நிறம் போயிடுச்சுன்னு. முன்பக்கக் கண்ணாடியை மட்டும் தொடைங்க, மீதி மூணு பக்கம் விட்டுடுங்கன்னு சொல்லுவேன். யார் கேக்கறாங்க?"

வீட்டுக்கு வந்ததும் நேரே மேல்வீட்டுக்குப் போனேன். அக்காவின் தொட்டியை அதுவரை நான் ஒரு பக்கமிருந்துதான் பார்த்திருக்கிறேன், அவர் துடைத்து வைக்கும் முன்பக்கம். எட்டிப் பார்த்தால் பின்பக்கமும் இரண்டு பக்கவாட்டுக் கண்ணாடிகளும் பச்சைக் கம்பளமாக இருந்தன. மேற்கு பார்த்த பால்கனி, மாலை வெயில் நேராக விழும். அக்காவுக்கு முட்டிவலி, உட்கார்ந்து தேய்க்க முடியாது, கண்ணில் படுகிற பக்கத்தை மட்டும் துடைத்துவிட்டு விட்டுவிடுவார். அவர் எனக்காகவே ஒரு பிடி கேரட் துருவல் போட்டுக் காட்டினார். மீன்கள் பாய்ந்து வந்து வாயில் வாங்கின, துப்பின, மறுபடி வாங்கின, மறுபடி துப்பின. ஒன்றிரண்டு இழை உள்ளே போயிருக்கும். பிறகு இரண்டும் திரும்பிப் பின்பக்கக் கண்ணாடிக்குப் போய்ப் பாசியைக் கொறிக்க ஆரம்பித்தன. மிச்சக் கேரட்டெல்லாம் பில்டர் ஸ்பாஞ்சில் ஆரஞ்சுச் சகதியாக ஒட்டியிருந்தது. நாள் முழுக்க உழைத்தது பாசி, பேர் வாங்கியது கேரட்.

இதைக் காட்டு மீன்களில் அழகாகக் காட்டியிருக்கிறார்கள். டிரினிடாட் தீவின் ஓடைகள் கப்பி மீனின் சொந்த ஊர்களில் ஒன்று. அடர்ந்த காட்டுக்குள் ஓடும் ஓடையில் வெயில் விழாது, பாசி குறைவு. மரங்கள் விலகி வானம் தெரியும் ஓடையில் பாசி அதிகம். கிரெகரி கிரேதரும் சகாக்களும் 1999இல் வெளியிட்ட ஆய்வில், வெயில் குறைந்த ஓடைகளில் வாழும் ஆண் கப்பிகளின் ஆரஞ்சுப் புள்ளிகளில் கரோட்டினாய்டு குறைவாக இருப்பதைக் காட்டினார்கள். பெண் கப்பி நல்ல ஆரஞ்சு உள்ள ஆணைத்தான் பெரும்பாலும் விரும்பும். ஆக, மேலே ஒரு மரக்கிளை எவ்வளவு வானத்தை மறைக்கிறது என்பதுவரை இதில் சம்பந்தப்பட்டிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு, அது உணவே இல்லை. மீன் தான் இருக்கும் இடத்தின் பின்னணிக்கு ஏற்பத் தன் நிறத்தை ஏற்றி இறக்கும். வெளிறிய தரையும் வெளிறிய சுவரும் இருந்தால் நிறமிச் செல்களுக்குள் நிறமி சுருங்கி மீன் வெளுத்துத் தெரியும். கறுத்த பின்னணியில் அது விரியும். பாசி படிந்த சுவர் அக்காவின் மீனுக்குச் சாப்பாடாகவும் இருந்தது, இருண்ட திரையாகவும் இருந்தது. என் வெள்ளைக் கூழாங்கல்லும் நீலக்கடல் ஸ்டிக்கரும் இதில் எதிர்க்கட்சி. ஸ்டிக்கரை உரித்துவிட்டுக் கறுப்புச் சார்ட் பேப்பர் ஒட்டினேன். அதன் விலையைக் கேட்டால், நிறம் கூட்டும் பெல்லட் விற்பவர்கள் வருத்தப்படுவார்கள்.

வயிற்றுக்கு வேறு கணக்கு

அப்படியானால் காய்கறியே வேண்டாமா என்றால், கட்டாயம் வேண்டும். நான் போடுகிறேன், கேரட்டைக்கூட எப்போதாவது போடுகிறேன். ஆனால் நிறத்துக்காக இல்லை, வயிற்றுக்காக. வயிறு என்று சொல்வதுகூடப் பேச்சுக்குத்தான், கோல்ட்ஃபிஷ்ஷுக்கு இரைப்பையே கிடையாது. தொண்டையில் அரைத்தது நேராக நீண்ட குடலுக்குப் போய்விடும். ஒரே வேளையில் நிரப்பி வைக்க இடமில்லாத உடம்பு, கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்க மேய்வதற்கென்றே அமைந்தது. நாம் காலையில் அலுவலகம் போகும் அவசரத்தில் ஒரு பிடி பெல்லட்டைக் கொட்டுகிறோம். அது தண்ணீரில் ஊறி உப்பும். ஒராண்டா, ரியூகின் போன்ற உருண்டை உடம்பு மீன்களுக்கு உள்ளே இடமும் குறைவு, எல்லா உறுப்பும் நெருக்கியடித்துக் கிடக்கும். குடல் அடைத்தால் பக்கத்திலிருக்கும், மீன் மிதக்க உதவும் காற்றுப் பையும் நெருக்கப்படும். மீன் தலைகீழாக நிற்கும், பக்கவாட்டில் சாயும், மேலே மிதந்துகொண்டு கீழே போக முடியாமல் தவிக்கும்.

இதற்கு உலகம் முழுக்கச் சொல்லும் கைவைத்தியம் பச்சைப் பட்டாணி. இரண்டு மூன்று நாள் தீவனத்தை நிறுத்திவிட்டு, வேகவைத்துத் தோல் உரித்த பட்டாணியை நசுக்கிக் கொடுக்கச் சொல்வார்கள். பல சமயம் பலிக்கிறது. என் கருத்தில் பட்டாணிக்குக் கிடைக்கும் புகழிலும் பாதி அந்தப் பட்டினிக்குச் சேர வேண்டியது. பெல்லட்டை நிறுத்தியதும் குடலுக்கு மூச்சு விட நேரம் கிடைக்கிறது, பட்டாணி நார் கொடுத்து மிச்சத்தைத் தள்ளிவிடுகிறது. காற்றுப் பையில் கிருமித் தொற்றோ, பிறவிக் கோளாறோ இருந்தால் மூட்டை மூட்டையாகப் பட்டாணி போட்டாலும் மீன் நிமிராது. அதனால் வியாதி வந்த பிறகு பட்டாணி தேடுவதைவிட, வாரத்தில் ஒருநாள் தீவனமே இல்லாமல், இரண்டு நாள் கீரையோ காயோ மட்டும் என்று வைத்துக்கொள்வது மேல். எங்கள் வீட்டில் செவ்வாயும் வெள்ளியும் அவர்களுக்குக் கீரை. வீட்டுச் சமையலோடு சேர்ந்துபோவதால் மறக்காது.

எல்லா மீனுக்கும் இது பொருந்தாது. மோலி, கப்பி, சில்வர் டாலர், சக்கர் மீன், பாறையில் பாசி கொறித்து வாழும் மலாவி ஏரிச் சிக்லிட் வகைகள், இவையெல்லாம் பச்சையை விரும்புபவை. அந்த மலாவி மீன்களுக்கு இறைச்சி வகை அதிகமானால் வயிறு ஊதிச் செத்துப்போவதைப் பலர் பார்த்திருப்பார்கள். அரோவானா, ஆஸ்கர் கதை வேறு. அவற்றுக்கு முன்னால் வெள்ளரிக்காயை நீட்டினால் நம்மைத்தான் முறைத்துப் பார்க்கும். மாமிசம் தின்னும் மீனுக்குக் காய் கொடுக்க ஆசைப்பட்டால், காயை ஒரு பூச்சிக்குக் கொடுத்துவிட்டுப் பூச்சியை மீனுக்குக் கொடுக்க வேண்டும். பிளவர்ஹார்ன் மீன் சிவக்கவில்லை என்று வருத்தப்படுபவர்கள் வீட்டில் இறால் வாங்கும்போது தலையையும் ஓட்டையும் எறியாமல் வைத்துக்கொள்ளலாம். வேகவைத்ததும் இறால் சிவக்கிறதே, அந்தச் சிவப்புதான் அஸ்டாசாந்தின். பச்சையில் புரதத்தோடு பிணைந்து சாம்பலாகத் தெரிந்தது, சூட்டில் பிரிந்து வெளியே வருகிறது. மீன் உடம்பு எதையும் மாற்றிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

அடுப்படியில்

வெளிநாட்டுக் குறிப்புகளில் எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் சுக்கினி. இங்கே அது சூப்பர் மார்க்கெட்டில் பிளாஸ்டிக் சுற்றி, நாம் வாங்காத விலையில் கிடைக்கும். அதன் இடத்தில் பீர்க்கங்காய் தாராளமாகப் போதும். தோலைச் சீவி, வட்டமாக நறுக்கி, கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டெடுத்தால் தண்ணீரில் மூழ்கும் பதத்துக்கு வந்துவிடும். சக்கர் மீன் ராத்திரியில் ஒட்டிக்கொண்டு நடுவிலிருக்கும் பஞ்சை வழித்தெடுத்து, வளையத்தை மட்டும் மிச்சம் வைக்கும். சுரைக்காயும் ஆகும், ஆனால் வேகவைக்கும் முன் ஒரு சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் குப்பையில் போட்டுவிடுங்கள். கசக்கும் சுரைக்காய் மனிதருக்கே விஷம். வெள்ளரிக்காய் பெரும்பாலும் தண்ணீர்தான், சத்தென்று பெரிதாக ஒன்றுமில்லை, மீனுக்கு ஒரு பொழுதுபோக்கு. சக்கர் மீன் பற்றிப் பேசும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன். பெரிதாகிவிட்டது என்று கொண்டுபோய் ஏரியில் விடாதீர்கள். அந்த மீன் தமிழ்நாட்டு நீர்நிலைகளில் ஏற்கெனவே பெருகி, வலைபோடுபவர்கள் சாபம் விடுகிறார்கள்.

கீரையில் சிறுகீரை, அரைக்கீரை, பாலக் எல்லாமே ஆகும். நன்றாக வேகவைத்துப் பிழிந்து சிறு உருண்டையாக விட்டால் கோல்ட்ஃபிஷ் இழை இழையாகப் பிய்த்துத் தின்னும். வேகவைப்பது மென்மைக்காக மட்டும் இல்லை. பச்சைக் கீரையில் நிறமி செல் சுவருக்குள் பூட்டிக் கிடக்கிறது, வெந்தால்தான் வெளியே வரும். பாலக்கில் ஆக்ஸாலிக் அமிலம் அதிகம், தினமும் அதையே போட வேண்டாம். முருங்கைக்கீரையில் லூட்டின் நிறைய உண்டு, ஆனால் என் மீன்கள் அதைச் சீண்டுவதே இல்லை. அரைத்துக் கலந்தால்தான் உள்ளே போகிறது.

எனக்குக் கீரையில் பயம் ஒன்றே ஒன்று, மருந்து. பூச்சிக்கு அடிக்கும் பைரெத்ராய்டு வகை மருந்துகள் மனிதருக்குச் செய்யும் கெடுதலைவிடப் பல மடங்கு மீனுக்கும் இறாலுக்கும் செய்யும். தொட்டியில் அலங்கார இறால் வளர்ப்பவர்கள் ஒரு கீரை இலையால் மொத்தக் கூட்டத்தையும் பறிகொடுத்த கதைகள் உண்டு. கீரையை உப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவினாலும் மனசு முழுசாக ஆறாது. அதனால் மீனுக்கென்று பால்கனியில் ஒரு தொட்டியில் சிறுகீரை விதைத்திருக்கிறேன். அதற்குப் பக்கத்தில் ஒரு பழைய வாளியில் அசோலா என்ற மிதக்கும் நீர்ச்செடி. மாட்டுக்கு வளர்ப்பார்களே, அதுதான். கோல்ட்ஃபிஷ் அதை உறிஞ்சித் தின்னும் வேகத்தைப் பார்த்தால் காய் நறுக்குவதே வீண் வேலையோ என்று தோன்றும்.

குளிர்நாட்டுக் குறிப்புகளில் காயை ராத்திரி முழுக்க விட்டுவிட்டுக் காலையில் எடுக்கச் சொல்வார்கள். சென்னையில் அதை நம்பக் கூடாது. இங்கே மே மாதத்தில் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைச் சுலபமாகத் தாண்டும். 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடித்து வைத்தால், 30 டிகிரியில் ஏழரைதான். காய் அழுகும்போது வரும் அம்மோனியாவில் விஷமான பங்கு எவ்வளவு என்பது சூட்டையும் பிஎச் என்ற அமில-கார அளவையும் பொறுத்தது. 20 டிகிரி, பிஎச் 7 என்றிருக்கும் தண்ணீரோடு ஒப்பிட்டால், 30 டிகிரியில் பிஎச் 8 இருக்கும் நம் போர் தண்ணீரில் அந்தப் பங்கு ஏறக்குறைய 20 மடங்கு. அதனால் இரண்டு மணி நேரம், மிஞ்சினால் மூன்று. தின்னாததை வலையால் அள்ளி ரோஜாச் செடிக்குப் போட்டுவிட வேண்டும். சக்கர் மீனுக்கு மட்டும் இரவில் வைத்து, விடிந்ததும் முதல் வேலையாக எடுத்துவிடலாம்.

கரோட்டினாய்டுகள் கொழுப்பில் கரைபவை. வெறும் கீரையைத் தனியாகப் போட்டால் குடல் அதில் கொஞ்சத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். எனவே நான் வெந்த கீரை, தோல் உரித்த பட்டாணி, பொடித்த பெல்லட், கொஞ்சம் சுருள்பாசி (ஸ்பைருலினா) தூள் எல்லாவற்றையும் சேர்த்து அரைத்துக் கட்டியாக்கி ஃப்ரீசரில் வைக்கிறேன். சுருள்பாசியில் ஸியாசாந்தின் உண்டு, கோய் என்ற அலங்காரக் கெண்டை வளர்க்கும் ஜப்பானியர்கள் அதைத் தீவனத்தில் சேர்ப்பது இதற்காகத்தான். கட்டியாக்க ஜெலட்டின் வேண்டாம், சென்னை வெயிலில் தொட்டிக்குள் போனதுமே இளகிக் கரைந்துவிடும். நோன்புக் காலத்தில் கடற்பாசி இனிப்பு செய்யும் அகர் அகர்தான் சரி. ஒருமுறை இறுகிவிட்டால் எந்தத் தொட்டிச் சூட்டுக்கும் அசையாது. பிள்ளைகள் அது இனிப்பு என்று நினைத்து எடுக்காமல் இருக்க டப்பா மேல் பெரிதாக எழுதி வையுங்கள்.

எந்தக் காயும் தராத நிறம்

நிறத்தைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. நியான் டெட்ரா மீனின் நீலக் கோடு நிறமியே இல்லை. செல்களுக்குள் அடுக்கிய நுண்ணிய படிகங்கள் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவதில் வரும் நீலம் அது. எந்தக் கீரையும் அதைக் கூட்டாது. அதேபோல், கடைகளில் ரோஸ், பச்சை, ஊதா என்று கண்ணைப் பறிக்கும் விடோ டெட்ராக்களில் பலவற்றின் நிறம் ஊசி வழியாகவோ சாயத்தில் முக்கியோ ஏற்றியது. அந்த மீனின் இயல்பு நிறம் வெள்ளியும் கறுப்பும். சில மாதங்களில் சாயம் வெளுக்கும், அதுவரை மீன் உயிரோடு இருந்தால். வெளுத்ததும் தீவனம் சரியில்லை என்று காய்கறி தேடி அலைபவர்களை நான் பார்த்திருக்கிறேன், பாவமாக இருக்கும். இன்னொரு தந்திரம் விளக்கு. பிளவர்ஹார்னும் அரோவானாவும் விற்கும் தொட்டிகளின் மேல் இளஞ்சிவப்பு டியூப் எரியும். அதன் கீழே வெறும் தண்ணீரில் கையை விட்டாலும் நம் கையே சிவப்பாகத் தெரியும். வாங்குவதற்கு முன் அந்த டியூபை அணைத்துக் காட்டச் சொல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார், பரவாயில்லை, நின்று பார்த்துவிட்டே வாங்குங்கள்.